மடக்கு நாற்காலி மகாராஜா

நியூ ஜெர்சியில் எடிசன், பிரின்ஸ்டன் வட்டாரத்துப் பூங்கா எதற்குச் சனிக்கிழமை காலையில் போனாலும் அவரைப் பார்க்கலாம். மரநிழல் எத்தனை மணிக்கு எங்கே நகரும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு, மைதான வேலிக்கு இந்தப் பக்கம் விரித்த மடக்கு நாற்காலி. அதன் ஒரு கைப்பிடி வலையில் தண்ணீர் பாட்டில், இன்னொன்றில் ஃபில்டர் காபி நிரம்பிய பிளாஸ்க். தலையில் மகனுடைய பேஸ்பால் அணியின் தொப்பி. வாயில் ஓயாமல் "குட் ஐ! குட் ஐ!". மட்டை பிடிப்பவன் மோசமான பந்தை அடிக்காமல் விட்டால் அப்படிப் பாராட்டுவது அந்த ஊர் வழக்கம். நம்மவர் மகன் நல்ல பந்தை விட்டாலும் பாராட்டுவார்.

நம்மவர் பேஸ்பால் ஆடியவர் இல்லை. கும்பகோணத்திலோ கோவில்பட்டியிலோ, சுவரில் கரியால் மூன்று கோடு இழுத்து ஸ்டம்ப் என்று வைத்துக்கொண்டு, டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடியவர். அதில் உடம்பில் ஊறிய பாடம் ஒன்று உண்டு: குறுக்கே வீசாதே, மட்டையை நேராகக் கொண்டுவா. பேஸ்பாலில் குறுக்கே மட்டும்தான் வீசவேண்டும். வீட்டு வாசலில் அப்பா கொடுத்த தனிப்பயிற்சியின் பலனாகப் பையன் ஒருநாள் ஆட்டத்தில் முன்காலை நீட்டி, முழங்கை உயர்த்தி, பந்தைக் காலடியிலேயே சாகடித்தான். கேட்சர் குனிந்து அதை எடுத்து, அவசரமே இல்லாமல் முதல் பேஸுக்கு எறிந்தான். பையன் அவுட். "ஷாட்!" என்று எழுந்து கைதட்டியவர் நம்மவர் ஒருவர்தான். பந்து மட்டையின் விளிம்பில் பட்டுப் பின்னால் பறந்தாலும் கைதட்டுவார். பேஸ்பாலில் அது ஃபவுல். அவர் கண்ணுக்கு அது ஃபைன் லெக்கில் நாலு ரன்.

இப்படிப்பட்டவர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு. ஆனால் இவர் முழுசாக விளைந்தது 2020 கோடையில்.

மற்ற வருஷங்களில் இவருக்கு அவ்வளவு இடம் இருந்ததில்லை. ஜூன் கடைசியில் பள்ளிக்கூடம் முடியும். அந்த வாரமே குடும்பம் சென்னைக்கு விமானம் ஏறும். ஆறு வாரம் குழந்தைகளைத் தாத்தா பாட்டி பார்த்துக்கொள்வார்கள், இவர் தி. நகரில் மனைவி பின்னால் பை தூக்கிக்கொண்டு நடப்பார். 2020 மார்ச்சில் இந்தியா பன்னாட்டு விமானங்களை நிறுத்தியது. நியூ ஜெர்சி பள்ளிகள் மார்ச் 18 அன்று மூடின. அந்தக் கல்வியாண்டில் திரும்பத் திறக்கவே இல்லை. ஜூன் முடிவதற்குள் அந்தச் சின்ன மாநிலத்தில் மட்டும் 13,000-க்கும் அதிகமானோர் கோவிட்டுக்குப் பலியாகியிருந்தார்கள். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஜன்னலுக்கு ஓடிய குழந்தைகள், மே மாதம் வந்தபோது ஓடுவதை நிறுத்திவிட்டிருந்தார்கள். அதுதான் பெற்றவர்களுக்கு அதிகப் பயமாக இருந்தது. ஆகவே ஜூன் 22 முதல் திறந்தவெளியில் பயிற்சி செய்யலாம், ஜூலை 6 முதல் பேஸ்பால் போன்ற ஆட்டங்களை ஆடலாம் என்று மாநில அரசு அறிவித்ததும், வீட்டுக்கு வீடு அப்பாக்கள் சிறை திறந்தது மாதிரி வெளியே வந்தார்கள். இவரைக் கிண்டல் செய்யும் எனக்கும் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை, வெளியே வந்தபின் செய்ததில்தான். நம்மவர் தொழிலால் ப்ராஜெக்ட் மேனேஜர். ஒரு கோடைக்காலம் முழுசாகக் கையில் கிடைத்தால் சும்மா விடுவாரா? எக்ஸெல் திறந்தார். பையனுக்கு ஒரு நிறம், பெண்ணுக்கு ஒரு நிறம், ஞாயிற்றுக்கிழமை உல்லாசப் பயணத்துக்குப் பச்சை. கடைசிப் பத்தியின் தலைப்பு 'ரிஸ்க்'. அதில் அவர் மனைவி சமைக்க மறுப்பதும் ஒன்றாகப் பதிவாகியிருந்தது.

லட்சியங்களையும் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. ஸ்கிரிப்ஸ் தேசிய ஸ்பெல்லிங் பீ போட்டியை ஏப்ரலில் ரத்து செய்துவிட்டார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அது ரத்தானது அதுதான் முதல்முறை. அமெரிக்க இந்தியக் குடும்பங்களில் இது எப்படிப்பட்ட இழவுச் செய்தி என்று விளக்கவேண்டியதில்லை. அதே ஏப்ரல் 30 அன்று பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட்டில் 1947 முதல் தவறாமல் நடந்துவந்த சிறுவர் பேஸ்பால் போட்டியான லிட்டில் லீக் உலகத் தொடரும் ரத்து என்றார்கள். "சரி, அடுத்த வருஷம் போயிடலாம்" என்று நம்மவர் மகனுக்கு ஆறுதல் சொன்னார். மகன் அணியில் ரைட் ஃபீல்டு ஆடுபவன். அந்த வயதில் பந்து அதிகம் வராத மூலை அது. அதனால்தான் பயிற்சியாளர் அவனை அங்கே நிறுத்தியிருந்தார். அவன் கையுறையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, புல்லில் ஒரு கம்பளிப்பூச்சி எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பான். உலகத் தொடர் நடந்திருந்தாலும் அவனுக்குத் தெரிந்திருக்காது.

விதிமுறைகளைப் பார்த்ததும் நம்மவருக்கு உற்சாகம் பீறிட்டது. ஆட்டம் முடிந்து கைகுலுக்கக் கூடாது, தொப்பியைத் தூக்கிக் காட்டினால் போதும். சூரியகாந்தி விதை மென்று துப்பக் கூடாது. விதை துப்பாத பேஸ்பால் என்பது அமெரிக்கர்களுக்கு உப்பில்லாத ரசம். நம்மவருக்கோ ஒரு தர்மசங்கடம் தீர்ந்தது. பந்தில் எச்சில் தடவக்கூடாது என்று அந்த ஜூனில்தான் சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலும் தடை போட்டிருந்தது. இரண்டு ஆட்டங்களும் ஒரே நாகரிகத்துக்கு வந்துவிட்டன என்று வாட்ஸாப் குழுவில் எழுதினார். எல்லாவற்றுக்கும் மேலாக, கேட்சரின் முதுகில் ஒட்டிக்கொண்டு நிற்கும் அம்பயர், தொற்றுக்கு அஞ்சி, பந்து வீசுபவனுக்குப் பின்னால் போய் நிற்கலாம் என்று லிட்டில் லீக் அனுமதித்தது. "பாத்தியா, நூத்தைம்பது வருஷம் கழிச்சு கடைசில நம்ம முறைக்கே வந்துட்டானுங்க" என்று மனைவியிடம் சொன்னார். அவர் முகக்கவசத்துக்குள் ஏதோ சொன்னார். என்ன என்று கேட்கவில்லை.

ஒருவர் மட்டையை மற்றவர் தொடக்கூடாது என்ற விதிதான் பர்ஸைத் தொட்டது. அதுவரை அணிக்குப் பொதுவாக ஒரு பையில் மட்டைகளும் ஹெல்மெட்டுகளும் கிடக்கும். இப்போது தலைக்குத் தலை தனித்தனி. முந்நூறு டாலருக்கு ஒரு மட்டை வந்தது. மட்டை வந்தபின் அதை வைக்க ஒரு பை, பையை மாட்ட ஒரு கொக்கி, வெயிலுக்கு ஒரு கூடாரம், எல்லாவற்றையும் கார் நிறுத்துமிடத்திலிருந்து இழுத்துவர மடங்கும் வண்டி ஒன்று. பையனின் முதல் ஆட்டத்துக்கு டொயோட்டா சியென்னாவிலிருந்து அந்தக் குடும்பம் இறக்கிய சாமானைப் பார்த்து எதிரணிக்காரர்கள் யாரோ குடிவருகிறார்கள் என்று நினைத்தார்கள்.

வார நாட்களில் ஆட்டம் மாலை ஆறு மணிக்கு. கலிபோர்னியாவில் அப்போது மணி மூன்று; வாடிக்கையாளர் கூட்டம் சூடு பிடிக்கும் நேரம். நம்மவர் மடியில் மடிக்கணினி, காதில் ஹெட்செட். மைதானத்தில் இருப்பது தெரியக்கூடாதே என்று தன் வீட்டு அலுவல் அறையை, புத்தக அலமாரியும் மேலே பிள்ளையாரும் தெரிய, ஒருநாள் படம் பிடித்து வைத்திருந்தார். அதுதான் ஜூம் பின்னணி. எல்லோரும் கடற்கரையையும் பனிமலையையும் பின்னால் வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்த அந்தக் கோடையில், வீட்டைப் பின்னால் வைத்துக்கொண்டு வெளியில் உட்கார்ந்திருந்த மனிதர் இவர். மியூட் எடுத்து, "ஐ அக்ரீ" என்று சொன்ன அதே நொடியில் அலுமினிய மட்டை 'டிங்' என்று அதிர்ந்தது. அந்தப் பக்கத்தில் யாரோ, "அது என்ன சத்தம்?" என்றார்கள். "பூஜை மணி" என்றார் நம்மவர், இமைக்காமல். கூட்டத்தில் இரண்டு பேர் மன்னிப்புக் கேட்டார்கள்.

ஸ்கோர் போடும் வேலை இவரிடம் வந்ததில் ஆச்சரியமில்லை. கேம்சேஞ்சர் என்ற செயலியில் பந்துக்குப் பந்து பதிவு செய்யவேண்டும்; வீட்டிலிருந்தே சுற்றத்தார் பார்க்கலாம். "நீங்கள் சாஃப்ட்வேர்காரர்தானே" என்று பயிற்சியாளர் டேப்லெட்டைக் கையில் கொடுத்துவிட்டார். பிள்ளையைப் பெற்றவனிடம் ஸ்கோர் புத்தகத்தைக் கொடுப்பது எவ்வளவு ஆபத்து என்று அவர் யோசிக்கவில்லை.

ஜூலை மத்தியில் ஓர் ஆட்டம். அதுவரை பையன் பதினொரு முறை மட்டை பிடித்து இரண்டு ஹிட், சராசரி .182. பன்னிரண்டாவது முறை அவன் அடித்த பந்து தரையில் தவழ்ந்து, நேராக எதிரணிப் பையனின் இரண்டு கால்களுக்கும் நடுவே புகுந்து போனது. நம் பையன் முதல் பேஸை அடைந்துவிட்டான். பேஸ்பால் சட்டப்படி அது தடுப்பாட்டக்காரனின் பிழை, 'எரர்'. அடித்தவன் கணக்கில் ஹிட் சேராது, சராசரி .167-க்கு இறங்கும். 'ஹிட்' என்று அழுத்தினால் .250. நம்மவர் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். டேப்லெட்டின் திரையைச் சட்டை நுனியால் துடைத்தார். துடைக்கும்போதே விரல் 'ஹிட்' மேல் பட்டுவிட்டது.

இருபதடி தள்ளி நின்ற காரின் முன்சீட்டிலிருந்து ஹாரன் ஒலித்தது. உள்ளே தாத்தா. பிப்ரவரியில் ஆறு மாத விசிட்டர் விசாவில் வந்தவர், மே மாதத்துத் திரும்பும் டிக்கெட் காற்றோடு போக, தங்கும் காலத்தை நீட்டிக்கப் படிவம் போட்டுவிட்டுக் காத்திருப்பவர். அப்படி அந்த வருஷம் அமெரிக்காவில் மாட்டிக்கொண்ட தாத்தா பாட்டிகள் எத்தனையோ பேர். வயதானவரைக் கூட்டத்தில் உட்கார வைக்கவேண்டாம் என்று கார்க் கண்ணாடி வழியாக ஆட்டம் பார்க்கவிட்டிருந்தார்கள். கையில் போன், அதில் கேம்சேஞ்சர். முப்பத்தாறு வருஷம் ஏஜி ஆபீஸில் தணிக்கை பார்த்தவர்.

"ஏன்டா, அந்தப் பையன் கால் சந்துல விட்ட பந்து இவன் வரவுல எப்படிடா ஏறிச்சு?"

"அப்பா, அது ஜட்ஜ்மென்ட் கால்ப்பா."

"நானும் அப்படித்தான் எழுதிக்கொடுத்தவங்களை நிறையப் பாத்திருக்கேன்" என்று சொல்லிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

பெண்ணின் நீச்சல் இன்னொரு வேடிக்கை. நீச்சல் குளங்களும் ஜூன் 22 அன்று திறந்தன. இரண்டு அணிகள் ஒரே குளத்துக்கு வந்தால் கூட்டமாகிவிடும் என்பதால், பல இடங்களில் ஒவ்வோர் அணியும் தத்தம் குளத்தில் நீந்தி, நேரத்தை மின்னஞ்சலில் பரிமாறிக்கொண்டு வெற்றி தோல்வியை முடிவு செய்தன. மெய்நிகர் போட்டி என்று பெயர். பெண் காலியான தடத்தில் தனியாக நீந்தினாள், நம்மவர் குளக்கரையில் ஓடி ஓடி, "விட்டுடாதே, அவ உன்னைப் பிடிக்கப் போறா!" என்று கத்தினார். யார் பிடிப்பது? இரண்டு நாள் கழித்துக் கணினியில் முடிவு வந்தது. தாத்தா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்துப் பார்த்து, "ஆளே இல்லாத பந்தயத்துல ரெண்டாவதா வந்திருக்காளே, கெட்டிக்காரி" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகள் பச்சை நிறம். ஜூன் 25 முதல் நியூயார்க், நியூ ஜெர்சி, கனெக்டிகட் மூன்று மாநிலங்களும் சேர்ந்து, தொற்று அதிகமுள்ள மாநிலங்களிலிருந்து வருகிறவர்கள் பதினான்கு நாள் தனிமையில் இருக்கவேண்டும் என்று பட்டியல் போட்டன. ஆகவே காலையில் போய் இரவுக்குள் திரும்பவேண்டும், பட்டியலில் இல்லாத இடமாகவும் இருக்கவேண்டும். அந்தப் பட்டியல் வாரம் ஒருமுறை மாறும். கிரீன் கார்டுக்காகக் காத்திருக்கும் நம்மவர் மாதாமாதம் விசா புல்லட்டின் பார்த்துத் தேறிய கை. இதையும் அதே பதற்றத்தோடு பார்த்தார். ஜூலை 7 அன்று பக்கத்து டெலவர் பட்டியலில் ஏறியது. விற்பனை வரி இல்லாத மாநிலம் என்பதற்காகவே ஐபோன் வாங்க நம்மவர்கள் ஓடும் டெலவர். அந்த வாரம் போட்டிருந்த திட்டம் டெலவர் வாட்டர் கேப் மலைக்கு. "ஏங்க, பேர்லயே டெலவர் இருக்கே, போயிட்டு வந்தா பதினாலு நாள் உள்ளயே கிடக்கணுமா?" என்று மனைவி கேட்டார். டெலவர் என்பது ஆறு, அந்த மலைக்கணவாய் நியூ ஜெர்சிக்கும் பென்சில்வேனியாவுக்கும் இடையில் இருக்கிறது என்று நம்மவர் வரைபடம் விரித்து விளக்கினார். "பதினாலு நாள் சமையல் இல்லாம இருக்கலாம்னு பாத்தேன்" என்றார் மனைவி.

அவரையும் சொல்லத்தான் வேண்டும். விடிகாலை நாலரைக்கு எழுந்து புளியோதரை, தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல், மோர்மிளகாய் எல்லாம் கட்டி, கூலர் பெட்டியில் மோர் நிரப்பி, ஆறரைக்குக் கிளம்பினால்தான் கடற்கரையில் இடம். பூங்காக்களில் கார் நிறுத்துமிடத்தைக் குறைத்துவிட்டார்கள். நிரம்பினால் வாயிலில் போலீஸ் நின்று திருப்பி அனுப்பும். சாண்டி ஹூக் கடற்கரை நிரம்பிவிட்டது என்று ஒரு மைல் முன்னாலேயே மின்பலகை சொல்லும். உடனே எக்ஸெலில் 'பிளான் பி': மாநிலத்தின் மிக உயரமான இடமான ஹை பாயிண்ட். வண்டி தெற்கிலிருந்து வடக்கே திரும்பும். இரண்டு மணி நேரப் பயணத்துக்குப் பின் தாத்தா இறங்கி, 1,803 அடி என்ற பலகையைப் படித்து, "இதுக்கா? திருப்பதி ஏறினவன்டா நான்" என்று சொல்லிவிட்டுப் புளியோதரை எங்கே என்று கேட்பார்.

எக்ஸெலின் மிக முக்கியமான பத்தி கழிப்பறை. மே 2 அன்று மாநிலப் பூங்காக்களைத் திறந்தபோது கழிப்பறைகளைத் திறக்கவில்லை. திறந்தபின்னும் மனைவி நம்பவில்லை. டர்ன்பைக் நெடுஞ்சாலையின் ஓய்விடங்களே கதி. அவற்றுக்கு அந்த மாநிலத்தில் வாழ்ந்த பெரியவர்களின் பெயர்கள்: வால்ட் விட்மன், ஜாய்ஸ் கில்மர், தாமஸ் எடிசன். "வால்ட் விட்மன் சுத்தமா இருந்தாரு, ஜாய்ஸ் கில்மர்ல சோப்பு இல்ல" என்று மனைவி மதிப்புரை சொல்வார், நம்மவர் பதிவு செய்துகொள்வார். அமெரிக்கக் கவிதையோடு அந்தக் குடும்பத்துக்கு இருந்த உறவு அவ்வளவே.

இத்தனையிலும் குழந்தைகள் என்ன சொன்னார்கள் என்று யாரும் கேட்கவில்லை. ஜூலையில் நியோவைஸ் வால்நட்சத்திரம் வந்தபோது, இரவு ஒன்பதரைக்கு வயல்வெளியில் கொசுக்கடியில் நிறுத்தி, "இதை விட்டா இன்னும் 6,800 வருஷம் ஆகும்டா" என்று நம்மவர் காட்டினார். "பரவால்லப்பா" என்றான் பையன். ஆகஸ்ட் 4 அன்று இசையாஸ் புயல் அடித்து லட்சக்கணக்கான வீடுகளில் மின்சாரம் போனது. வலைத்தொடர்பு இல்லை, எக்ஸெல் இல்லை, ஆட்டம் இல்லை. குழந்தைகள் தாத்தாவோடு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சீட்டாடினார்கள். அந்தக் கோடையில் என்ன செய்தாய் என்று செப்டம்பரில் ஆன்லைன் வகுப்பு ஆசிரியை கேட்டபோது, பையன் எழுதிய கட்டுரையில் இருந்தது அந்த இரவு மட்டும்தான். நம்மவர் அதைப் படித்துவிட்டு, "பேஸ்பால் பத்தி ஒரு பாரா சேரு" என்றார்.

செப்டம்பர் 19, சனிக்கிழமை. ஐபிஎல் அந்த வருஷம் ஐக்கிய அரபு அமீரகத்துக்குப் போயிருந்தது. முதல் ஆட்டமே சென்னையும் மும்பையும். நியூ ஜெர்சி நேரம் காலை பத்து மணிக்குத் தொடக்கம். இங்கே பையனுக்கு இலையுதிர்கால ஆட்டம். நம்மவருக்கு இருப்பது இரண்டு கண், ஒரு கழுத்து. டேப்லெட்டைத் தாத்தாவிடம் கொடுத்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்து போனில் மூழ்கினார். சென்னையின் அம்பதி ராயுடு அடித்துக்கொண்டிருந்தார். அன்று அவர் 71 ரன். ராயுடு ஒரு பந்தை எல்லைக்கு அனுப்பிய நேரத்தில்தான் இங்கே மைதானத்தில் 'டிங்' என்று ஒரு முழுமையான சத்தம். பையன் யார் காலுக்கு நடுவிலும் போகாமல், இரண்டு பேருக்கு இடையே, சுத்தமாகப் புல்லில் ஒரு அடி அடித்திருந்தான். பயிற்சியாளர் குதித்தார். அம்மா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். நம்மவர் தலை நிமிர்ந்தபோது பையன் முதல் பேஸில் நின்று அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"குட் ஐ!" என்று கத்தினார். வேறென்ன சொல்வது என்று தெரியவில்லை. அப்புறம் காருக்கு ஓடினார்.

"அப்பா, ஹிட்னு போட்டீங்களா?"

"எரர்னு போட்டிருக்கேன்."

"என்னப்பா, எல்லாரும் பாத்தாங்களே, சுத்தமான ஹிட்டாம்!"

"தெரியும். ஜூலைல நீ ஏத்தின வரவுக்கு இது பற்று. கணக்கு நேராயிடுச்சு."

சென்னை அன்று ஐந்து விக்கெட்டில் ஜெயித்தது. தொடர் முடிந்தபோது எட்டு அணிகளில் ஏழாவது. தாத்தா ஒருவழியாகச் சிறப்பு விமானம் ஒன்றில் இடம் கிடைத்து ஊர் போய்ச் சேர்ந்தார். பையன் அடுத்த வருஷமே பேஸ்பாலை விட்டுச் சதுரங்கத்துக்குப் போனான். நம்மவர் அசரவில்லை, இப்போது பெண்ணின் சாக்கர் ஆட்டத்துக்கு அதே நாற்காலியோடு வருகிறார், ஆஃப்சைடு என்றால் என்ன என்று பக்கத்தில் இருப்பவர்களுக்கு விளக்கிக்கொண்டிருக்கிறார். அந்தப் பக்கம் போனால் தயங்காமல் அருகில் உட்காருங்கள். நல்ல மனிதர், கேட்காமலே மோர் கொடுப்பார். ஸ்கோரை மட்டும் அவரிடம் கேட்காதீர்கள். கும்பகோணத்தில் தாத்தாவுக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.